ஆறாவது மெஷின் அனுப்பிய மூன்று

என் பெயர் கார்த்திகேசு, தகப்பனார் பெயர் ரெங்கன். வயது எழுபத்து நான்கு. ஆயர் ஈத்தாம், தாமான் பெலாங்கி அடுக்குமாடி, புளோக் சி, பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். மனைவி காலமாகிவிட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும், கையெழுத்துக்குப் பதில் ரேகை வைப்பேன். முன்பு துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன், கண்டெய்னர் வந்து ஆள் குறைத்த பிறகு பல இடங்களில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தேன். இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்பதை மொழிபெயர்ப்பாளர் துளசி எனக்குத் தமிழில் சொல்கிறார், நான் சொல்வதை அவர் எழுதிக்கொள்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை. குடிக்க மைலோ கொடுத்தார்கள்.

மலைச்சரிவில் வீடு கட்டும் அந்த இடத்தில் எனக்குப் பகல் ஜாகா வேலை. வாசல் கதவைத் திறந்து மூடுவது, லோரி எண்ணைப் பார்த்து உள்ளே விடுவது என் பொறுப்பு. என் மகள் நவமணி அதே இடத்தில், சரிவின் அடியில் கட்டிய தடுப்புச் சுவரை ஒட்டி, தகரக் கொட்டகையில் தொழிலாளிகளுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையை அவருக்குப் பிடித்துக் கொடுத்தது நான்தான். ஜாகா கொட்டகையில் உட்கார்ந்தால் அவர் கடையின் தகரக் கூரையும் அடுப்புப் புகையும் தெரியும்.

வேலை தொடங்கிய பிறகு, மலை நகர்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு கம்பெனி வந்து, சரிவில் பல இடங்களில் பெட்டிகளைப் பதித்து, என் கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரும்பு அறையில் எட்டு மெஷின்களை வைத்தது. அந்த மெஷின்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் சுதர்ஷினி என்ற பெண். சிலோன் குடும்பத்துப் பிள்ளை. என்னை அங்கிள் என்று கூப்பிடுவார், நான் அவரை அம்மா என்பேன். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டதற்கு, மலையை எட்டுத் துண்டாகப் போட்டு ஒரு துண்டை ஒரு மெஷினிடம் கொடுத்திருப்பதாகவும், ஒவ்வொன்றும் தன் துண்டை மட்டும் கணக்குப் பார்த்து, ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்து மெஷினுக்குச் செய்தியாக அனுப்பும் என்றும், முழு மலையையும் பார்க்கிற மெஷின் என்று ஒன்று கிடையாது என்றும் சொன்னார்.

முதலில் அந்த எட்டில் ஏதாவது ஒன்றுக்குக் கோளாறு வந்தால் எட்டும் சேர்ந்து நின்றுவிடும். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தாக ஓடும். நான் சுதர்ஷினிக்குப் போன் போட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டுவேன். அவர், "அங்கிள், கைய ஆட்டாதீங்க," என்பார். நான், "அது ஆடல, நாந்தாம்மா ஆடுறேன், வயசு," என்பேன். இப்படிப் பல தடவை நடந்த பிறகு அவர் ஒரு நாள் நேரில் வந்து, "இந்த மெசேஜ எழுதுனவனுக்கே இது புரியாது அங்கிள். நம்ம சொந்தமாவே மெசேஜ் வச்சுக்கலாம்," என்று சொல்லி, ஒன்று நின்றால் மற்றவை நிற்காதபடி மாற்றினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு மெசேஜுக்கும் தன் குரலையே பதிவு செய்து, என் கொட்டகையில் ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். சின்னத் திரை ஒன்றும் இருந்தது. அதில் மேலே எந்த மெஷின் என்று ஒரு எண்ணும், கீழே என்ன கோளாறு என்று ஒரு எண்ணும் வரும். ஸ்பீக்கர் முதல் மெஷினோடு சேர்ந்தது. மற்ற ஏழும் தங்கள் கோளாறை முதல் மெஷினுக்கு அனுப்பும், முதல் மெஷின்தான் பேசும்.

அப்போது மூன்று மெசேஜ்கள் இருந்தன. ஒன்று என்றால் பேட்டரி இறங்கிவிட்டது, நான் போய்ப் புது பேட்டரி போட வேண்டும். இரண்டு என்றால் மண் நகர்கிறது, நான் உடனே என் கொட்டகைச் சுவரில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திச் சைரன் அடித்து, வாசல் கதவை அகலத் திறந்துவிட வேண்டும். மூன்று என்றால் வயர் கழன்றுவிட்டது, நான் அந்தப் பெட்டிக்கு ஏறிப் போய் வயரைச் சொருகிப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மண் நகர்வதைக் கோளாறு என்று ஏன் சேர்த்தீர்கள் என்று நான் கேட்டேன். மலை நகர்ந்துவிட்டால் அதற்கு மேல் கணக்கு ஒத்துவராது, மெஷினுக்கு அதுவும் ஒரு பிழைதான் என்றார்.

அதன் பிறகு என்னை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"ஒண்ணுன்னா அங்கிள்?"

"பேட்டரி."

"ரெண்டு?"

"மண்ணு. சைரன்."

"மூணு?"

"வயரு. மேல ஏறணும்."

"எங்க பாஸுக்கே நாலு வாட்டி சொல்லணும், நீங்க ஒரே வாட்டில பிடிச்சிட்டீங்க."

"ஒங்க பாஸா மேல ஏறப்போறாரு? கால் வலி எனக்குத்தானம்மா."

அவர் சிரித்தார். அதன் பிறகு எட்டு மெஷினிலிருந்தும் ஒவ்வொரு மெசேஜையும் அனுப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாகப் பேசியது. சைரனும் அடித்துப் பார்த்தோம். நவமணி கரண்டியோடு கொட்டகைக்கு வெளியே ஓடி வந்து, சும்மா பழக்கிப் பார்த்தோம் என்று தெரிந்ததும் அங்கிருந்தே என்னைத் திட்டினார்.

மண் தோண்டும் இயந்திரம் ஓட்டிய ஹைருல் மலாய்க்காரர். நவமணி கடையில் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கொஞ்சம் தமிழ் பேசுவார். ஸ்பீக்கர் பேசும்போதெல்லாம், "தாத்தா, ஒங்க பொம்பள கூப்புடுது லா," என்று கத்துவார். அவர் மெஷின் ஓட்டும் இடம் என் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கர் பேசுவது அவருக்கும் கேட்கும். வேறு யாருக்கும் கேட்காது.

தீபாவளி கழிந்து மழை பிடித்த பிறகு, மேலே வாய்க்கால் நிரம்புவதையும் மெஷின் சொல்ல வேண்டும் என்று இடத்து மேனேஜர் கோகிலன் கேட்டுக்கொண்டதால், சுதர்ஷினி ஒரு முற்பகலில் வந்தார். வாய்க்கால் பெட்டி ஆறாவது மெஷினின் துண்டில் மட்டும்தான் இருந்தது. அவர் எட்டு மெஷினையும் நிறுத்தினார். கோகிலன் இரும்பு அறை வாசலில் நின்றுகொண்டு, "ஆறுல மட்டும் போடும்மா, போதும். மத்ததுல ஏன் கைய வைக்கற? சிமெண்டு லோரி வெளிய நிக்குது," என்றார். சுதர்ஷினி வேலையை முடித்து எட்டையும் மறுபடி ஓட விட்டுவிட்டு, எல்லா மெசேஜையும் திரும்ப அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். சைரன் அடித்தால் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே போய்விடுவார்கள், அவர்களைத் திரும்பக் கூட்டி வருவது பெரும்பாடு என்று கோகிலன் சொன்னார். "அடுத்த வாட்டி வரப்போ பாத்துக்கலாம் லா," என்றும் சொன்னார். அதன் பிறகு சுதர்ஷினி போய்விட்டார். இதை நான் கதவருகே குடை பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன்.

அதன் பிறகு நல்ல மழை. ஒரு நாள் மழை விட்டதும் ஸ்பீக்கர் பேசியது. திரையில் மேலே ஆறு, கீழே ஒன்று. பேட்டரி இறங்கிவிட்டது என்று சுதர்ஷினி குரல் சொன்னது. நான் ஏறிப் போய்ப் புது பேட்டரி போட்டேன். இறங்கி வந்து உட்கார்வதற்குள் மறுபடி பேட்டரி என்றது. பெட்டிக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரை புரண்டு ஓடியதை நான் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி ஸ்பீக்கர் எதுவும் சொல்லவில்லை. நான் கோகிலனுக்குப் போன் போட்டேன். "தம்பி, புது பேட்டரி போட்டும் பேட்டரின்னே கத்துது," என்றேன். "ஈரம் பட்டிருக்கும் ஐயா, விடுங்க. காஞ்சா சரியாயிரும்," என்றார். நான் போன் செய்ததைக் கோகிலன் ஒப்புக்கொள்வதாகவும், ஆனால் நான் சம்பள விடுப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருப்பதாகவும் இன்ஸ்பெக்டர் சொல்கிறார். நான் விடுப்புக் கேட்கவில்லை. நான் விடுப்பு எடுத்துப் போகிற இடம் எதுவும் இல்லை.

சம்பவம் நடந்த நாளில் காலை மழை இல்லை. வெயில் அடித்தது. நவமணி எனக்குப் பிளாஸ்டிக் பையில் கோப்பி கட்டிக் கொண்டுவந்து, கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, "அப்பா, ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. நேத்து மாதிரி எறும்புக்கு ஊத்திராதீங்க," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. நான் கோப்பியை எடுக்கப் போனபோது ஸ்பீக்கர் பேசியது. திரையில் மேலே ஆறு, கீழே மூன்று. சுதர்ஷினி குரல், "அங்கிள், வயர் கழண்டிருக்கு. மேல போய்ச் சொருகுங்க," என்று சொன்னது. ஒரு தடவை சொல்லி நிறுத்தி, மறுபடியும் அதையே சொன்னது. ஹைருல் இயந்திரத்தின் மேலிருந்து, "தாத்தா, பொம்பள கோவமா இருக்கு, ஓடுங்க ஓடுங்க," என்று சிரித்தார். நான் கோப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.

ஆறாவது மெஷினின் பெட்டி மேல் விளிம்பில், ஒரு பாறையின் மேல் இருக்கிறது. நான் பாறையில் ஏறிப் பெட்டியைத் திறந்தேன். வயர் கழன்றிருக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. இருந்தாலும் குரல் சொன்னபடி அதைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பச்சைப் பொத்தானை அழுத்துவதற்குக் கையைக் கொண்டுபோன நேரத்தில், என் காலுக்குக் கீழே, பாறை முடிகிற இடத்திலிருந்து மண் விலகியது. பெரிய சத்தம் இல்லை. கப்பலில் சர்க்கரை மூட்டை கிழிந்து கொட்டினால் ஒரு சத்தம் வரும், அந்த அளவுதான் முதலில் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நவமணி கடையின் தகரக் கூரை விழவில்லை. நின்றபடியே பக்கவாட்டில் நகர்ந்து போனது. அடுப்புப் புகை கொஞ்ச தூரம் அதோடு கூடவே போனது. அதன் பிறகு கூரையும் தெரியவில்லை, புகையும் தெரியவில்லை. ஹைருலின் இயந்திரம் இருந்த இடத்தில் மண் இருந்தது. என் கொட்டகை நின்றது.

நான் கத்தினேனா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கத்தினேன். கீழே யாருக்கும் கேட்டிருக்காது. அதன் பிறகு இறங்க வழியில்லாமல், தீயணைப்புப் படையினர் வந்து கயிறு போட்டு இறக்கும் வரைக்கும் பாறையிலேயே இருந்தேன். அங்கிருந்து அவர்கள் தோண்டுவது முழுவதும் தெரிந்தது. முதலில் ஹைருலை எடுத்தார்கள். என் மகளை எடுத்தபோது மேலே துணி போட்டுவிட்டார்கள். கால் மட்டும் தெரிந்தது. ஒரு காலில் ரப்பர் சிலிப்பர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மருமகன் வாசு வந்தார். லோரி ஓட்டுகிறவர், அன்று கெப்பாலா பத்தாஸுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"மாமா, சைரன் பொத்தான் ஒங்க கைக்கு எட்டுற மாதிரிதானே இருந்துச்சு?"

"எட்டுற மாதிரிதான்."

"ஏன் அடிக்கல?"

"வயருன்னு சொல்லுச்சு வாசு."

"யாரு சொன்னா?"

"அந்தப் பிள்ளையோட குரலு."

அவர் கொஞ்ச நேரம் என் செருப்பைப் பார்த்தார். செருப்பில் மண் இல்லை, பாறை ஈரம்தான் இருந்தது. அதன் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. கருமாதிக்கு எனக்குச் சொல்லவில்லை. நானாகப் போய்க் கோயில் மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். வாசுவின் அண்ணன் வந்து, "பெரியவரே, வேண்டாம், போயிருங்க. அவன் ஏதும் செஞ்சிருவான்," என்றார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு கம்பெனிக்காரர்கள் ஆறாவது மெஷினில் இருந்த பதிவை எடுத்துப் போலீசில் கொடுத்ததாக அறிந்தேன். அதில் அன்றைய தேதியும் நேரமும் போட்டு, பிழை எண் மூன்று, மண் நகர்கிறது, ஆட்களை வெளியேற்றவும் என்று இருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் எச்சரிக்கையைக் கேட்டதும் யாருக்கும் சொல்லாமல் தனியாக ஓடிப் பாறை மேல் ஏறி உயிர் தப்பிவிட்டேன் என்று கம்பெனித் தரப்பில் சொல்கிறார்கள். நான் வேகமாக மேலே ஏறியதைப் பார்த்ததாக ஒரு பங்களாதேஷ் தொழிலாளியும் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது உண்மை. நான் வேகமாகத்தான் ஏறினேன், கோப்பி ஆறிவிடும் என்பதால்.

திரையில் மூன்று என்ற எண்ணைப் பார்த்தீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பார்த்தேன் என்றேன். நிச்சயமாக மூன்றுதானா என்று கேட்டார். நிச்சயமாக மூன்றுதான் என்றேன். அவர் துளசியிடம் ஏதோ சொன்னார். துளசி, "தாத்தா, பேப்பர்லயும் மூணுதான் இருக்கு. அங்க மூணுன்னா மண்ணு," என்றார். எனக்கு மூன்று என்றால் வயர், இரண்டு என்றால்தான் மண், அப்படித்தான் பழக்கினார்கள் என்று சொன்னேன். எனக்கு வயதாகிவிட்டதால் எண்கள் மாறிப்போயிருக்கலாம் என்று கோகிலன் எழுதிக் கொடுத்திருக்கிறார். எண்ணை விடுங்கள், எனக்கு எண் தேவையில்லை, குரல் வயர் என்றது என்றேன். குரலை எந்த மெஷினும் பதிவு செய்து வைக்கவில்லை என்றார்கள்.

கருமாதி கழிந்த பிறகு ஒரு நாள் மாலையில் சுதர்ஷினி என் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டு லைலா எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தார், அவர்தான் கதவைத் திறந்தார். சுதர்ஷினி நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, "அங்கிள், நீங்க கேட்டது வயருதான். எனக்குத் தெரியும்," என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

மெசேஜுக்கு எண் கொடுப்பது அவர் இல்லையாம். ஒவ்வொரு மெஷினும் தன்னிடம் சேர்க்கிற மெசேஜுக்கு வரிசையாகத் தானே எண் கொடுத்துக்கொள்ளுமாம். அந்த எண் அந்த மெஷினுக்குள் மட்டும்தான் செல்லுமாம். எட்டிலும் ஒரே மூன்று மெசேஜை ஒரே வரிசையில் சேர்த்திருந்தவரைக்கும் எண்கள் ஒத்துப்போயின. வாய்க்கால் மெசேஜை ஆறாவதில் மட்டும், அதுவும் மழைக்காலத்துக்கு அதுதான் முக்கியம் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்த்தார். அதனால் ஆறாவதில் மட்டும் வாய்க்கால் ஒன்று ஆகி, பேட்டரி இரண்டு, மண் மூன்று, வயர் நான்கு என்று இறங்கிவிட்டன. ஆறாவது தன் பதிவில் மண் என்று எழுதிவிட்டு, முதல் மெஷினுக்கு மூன்று என்ற எண்ணை மட்டும் அனுப்பியது. முதல் மெஷின் தன்னிடம் மூன்று என்ன என்று பார்த்து வயர் என்றது.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் மறுபடி சொன்னார். "சில புளோக்குல நாலாவது மாடியே இருக்காதுல்ல அங்கிள், சீனவங்களுக்கு ஆகாதுன்னு? லிஃப்ட்ல மூணுக்கு அடுத்து அஞ்சுன்னு போட்டிருப்பாங்க. அந்த புளோக்குக்காரன் 'அஞ்சாவது மாடில தீ'ன்னு சொன்னா, நாலு இருக்கற புளோக்குக்காரன் எந்த மாடிக்கு ஓடுவான்?"

நான் புரிகிறது என்றேன். அப்படியானால் அன்றைக்குப் பேட்டரி பேட்டரி என்று கத்தியது வாய்க்காலா என்று கேட்டேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அதன் பிறகுதான் அழுதார். "நம்பர அனுப்பாம வார்த்தையவே அனுப்பியிருக்கணும் அங்கிள். ஒரு வரி. ஒரே ஒரு வரி மாத்தியிருந்தா போதும்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். லைலா அவருக்குத் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினார்.

பழையபடி இருந்ததை எடுத்துப் போலீசில் காட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். சம்பவத்துக்கு மறுநாளே, மற்ற சரிவுகளையும் சரியாகப் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் அவசரப்படுத்தியதால், வாய்க்கால் மெசேஜை எட்டு மெஷினிலும் சேர்த்துவிட்டதாகவும், பழையதன் மேலேயே எழுதிவிட்டதாகவும், செய்து முடித்து எண்கள் ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பது தனக்கே விளங்கியது என்றும் சொன்னார். "இத போலீஸ் பாலாய்ல வந்து சொல்லுவியாம்மா?" என்று கேட்டேன். "சொல்லுவேன் அங்கிள்," என்றார். வாசுவிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அதற்கும் சரி என்றார். லிஃப்ட் வரைக்கும் போய் அனுப்பி வைத்தேன்.

இந்தப் பேச்சை வேறு யாராவது கேட்டார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, லைலா இருந்தார் என்றேன். லைலாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஒரு பெண் வந்ததும் அழுததும் உண்மை என்றும், இருவரும் தமிழில் பேசியதால் என்ன பேசினார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும், மகள் இறந்ததற்குத் துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் என்று நினைத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை.

சென்ற வாரம் போலீசார் என்னை மறுபடி அந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். மெஷின்களைச் சோதித்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார்கள். கோகிலனும் கம்பெனி வக்கீலும் வந்திருந்தார்கள். சுதர்ஷினி தன் அப்பாவோடு வந்திருந்தார். மழை இல்லை, ஆனாலும் அவர் அப்பா மகளின் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். நான் கொட்டகையில் என் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டேன். நவமணி மாட்டிய கோப்பிப் பை ஆணியிலேயே தொங்கியது. யாரும் எடுக்கவில்லை. பாதி வற்றி, எறும்பு வரிசை கட்டியிருந்தது.

அதன் பிறகு இரும்பு அறைக்குள் ஒருவர் ஏதோ செய்தார். திரையில் மேலே ஆறு வந்தது, கீழே மூன்று வந்தது. ஸ்பீக்கர், "அங்கிள், மண்ணு நகருது. சைரன் அடிங்க. எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க," என்றது. பழக்கிக் காட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் குரல் இதைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். நான் எழுந்து சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். சைரன் அடித்தது. அழுத்தச் சொல்லவில்லையே என்று ஒரு போலீஸ்காரர் வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நிறுத்துவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் கடை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பவம் நடந்த நாளிலும் மெஷின் இப்படித்தான் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் சுதர்ஷினியிடம் மலாயில் கேட்டார். இது எனக்குப் புரிந்தது. சுதர்ஷினி வக்கீலைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்தார். அதன் பிறகு, "யா, துவான்," என்று ஆமோதித்தார். அவர் அப்பா குடையை மடக்கினார். காரில் ஏறுவதற்கு முன் சுதர்ஷினி என் பக்கம் திரும்பினார் என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அந்தப் பெண் மேல் புகார் கொடுக்க விரும்புகிறீர்களா என்று இப்போது கேட்கிறார்கள். இல்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கு இரண்டு காரியம்தான். நான் கேட்டது வயர் என்று எழுத வேண்டும். எழுதியதை என் மருமகன் வாசுவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். முதலாவதை எழுதிக்கொள்கிறோம், ஆனால் அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். இரண்டாவது முடியாது, இது வழக்குக்கான தாள், வெளியே கொடுக்கக் கூடாது என்றார். வாசுவுக்குச் சம்மன் போய்க் கோர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று துளசி சொன்னார். அங்கே கம்பெனியின் பதிவையும் வாசிப்பார்களா என்று கேட்டேன். அதைத்தான் முதலில் வாசிப்பார்கள் என்றார்.

மேலே சொன்னவற்றில் நான் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. ஆறாவது மெஷின் மூன்று என்றது, குரல் வயர் என்றது, நான் ஏறினேன். எனக்குப் படிக்கத் தெரியாததால், எழுதியதை மொழிபெயர்ப்பாளர் துளசி முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். நான் காதால் கேட்டது நான் சொன்னதுதான். தாளில் இருப்பதும் அதுதானா என்று அவரிடம் கேட்டேன். அதுதான் தாத்தா என்றார். அவர் காட்டிய இடத்தில் ரேகை வைக்கிறேன்.

கார்த்திகேசு த/பெ ரெங்கன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)